ஓரத்தில் உட்கார்ந்திருந்தவனின் நாட்குறிப்பு

ஜிம் பௌட்டன் 1964-இல் ஒரு புத்தகம் எழுதியிருந்தால் அதை இன்று யாரும் தேடி வாசிக்கமாட்டார்கள். அப்போது அவருக்கு 25 வயது. நியூயார்க் யாங்கீஸ் அணியின் பந்து வீச்சாளர். முந்தைய ஆண்டு 21 ஆட்டங்களை வென்றிருந்தார். அந்த ஆண்டு உலகத் தொடரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு எதிராக இரண்டு ஆட்டங்களை வென்று கொடுத்தார். பந்தை விடும் வேகத்தில் தலையிலிருந்து தொப்பி கழன்று விழும். ரசிகர்களுக்கு அதுவே ஒரு காட்சி. அந்த வயதில் அந்தப் புகழில் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? கடின உழைப்பு, பெற்றோரின் தியாகம், பயிற்சியாளரின் ஆசீர்வாதம், இளைஞர்களுக்கு நான்கு அறிவுரை. நம் ஊர் நூல் வெளியீடுகளில் பொன்னாடையோடு சேர்த்துக் கொடுக்கப்படும் சாதனையாளர் வரலாறுகளை வாசித்தவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் எழுதியது 1969-இல். கையில் வலி வந்து, வேகம் போய், யாங்கீஸ் அணி அவரை விற்றுவிட்ட பிறகு. புதிதாகத் தொடங்கப்பட்ட சியாட்டில் பைலட்ஸ் என்ற அணியில் ரிலீஃப் பிட்சராக, கூப்பிட்டால் மட்டும் போக வேண்டிய ஆளாக, மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில். 1970-இல் வெளிவந்த அந்த நாட்குறிப்புதான் ‘பால் ஃபோர்’.

ஒரு துறையின் உண்மையைத் தெரிந்துகொள்ள அதன் நட்சத்திரத்திடம் போகக் கூடாது என்பது என் எண்ணம். நட்சத்திரத்துக்குப் பார்க்க நேரமில்லை. எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஓரத்தில் இருப்பவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ‘பால் ஃபோர்’ பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அது உடைத்த ரகசியங்களைப் பற்றியது. என்னைக் கேட்டால் ரகசியங்கள் அந்தப் புத்தகத்தின் இரண்டாம்பட்சமான சரக்கு. அது யாருடைய இடத்திலிருந்து எழுதப்பட்டது என்பதுதான் முக்கியம். அந்த இடத்திலிருந்து எது தெரிந்தது, எது தெரியாமல் போனது என்று பார்க்கவே இந்தக் கட்டுரை.

பேஸ்பால் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். பள்ளியில் ரவுண்டர்ஸ் ஆடியிருந்தால் பாதி தெரிந்த மாதிரிதான். வீச்சாளர் பந்தை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வீச வேண்டும். எல்லைக்கு வெளியே போய், மட்டையாளர் அதைத் தொடாமல் விட்டுவிட்டால் அதற்குப் பெயர் ‘பால்’. கறக்கும் பால் இல்லை, பந்து. அப்படி நான்கு ஆனால் மட்டையாளர் அடிக்காமலேயே நிதானமாக நடந்து முதல் தளத்துக்குப் போய்விடுவார். வீச்சாளருக்கு அதைவிட அவமானமான விஷயம் குறைவு. யாரும் அவரைத் தோற்கடிக்கவில்லை, அவரே கொடுத்துவிட்டார். புத்தகத்தின் தலைப்பு அந்த நான்காவது பந்து.

ஆட்டத்தைத் தொடங்கும் வீச்சாளருக்கு ஒரு முறை உண்டு. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை அவருடைய நாள் வரும். அதற்கேற்பத் தூங்கலாம், சாப்பிடலாம், மனத்தைத் தயார் செய்யலாம். ரிலீஃப் பிட்சருக்கு அப்படி எதுவும் இல்லை. தொடங்கியவர் சோர்ந்துபோனாலோ அடி வாங்கினாலோ மேலாளர் மைதானத்துக்குள் நடந்து வந்து அவர் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொள்வார். அப்போதுதான் இவருக்கு வேலை. அதுவரை புல்பென் என்ற ஓரப் பகுதியில் உட்கார்ந்திருக்க வேண்டும். தொலைபேசி மணி அடிக்கும், ‘எழுந்து கையைச் சூடாக்கு’ என்பார்கள். சூடாக்குவார். ‘வேண்டாம், உட்கார்’ என்பார்கள். உட்காருவார். ஒரே மாலையில் இது இரண்டு மூன்று தடவைகூட நடக்கும். கடைசியில் ஒரு பந்துகூட வீசாமல் குளித்துவிட்டு ஹோட்டலுக்குப் போவார். உள்ளே போனாலும் பெரும்பாலும் அடுத்தவர் செய்துவைத்த குழப்பத்துக்குள்தான் போக வேண்டும். தளங்களில் ஏற்கெனவே எதிரணியினர் நிற்பார்கள். காப்பாற்றினால் வெற்றி பல நேரம் வேறொருவர் பெயரில் எழுதப்படும். கோட்டைவிட்டால் எல்லாருக்கும் இவர் முகம்தான் ஞாபகம் இருக்கும்.

இன்று நிலைமை வேறு. யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேரா 652 ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்தார். 2019-இல் வாக்களித்த அத்தனை பேரின் ஆதரவோடும் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். அந்த விளையாட்டின் வரலாற்றில் அப்படி நுழைந்த முதல் ஆட்டக்காரர் ஒரு ரிலீஃப் பிட்சர். ஆனால் பௌட்டன் காலத்தில் புல்பென் என்பது பெரும்பாலும் தொடக்க வீச்சாளராக முடியாதவர்களும், ஒருகாலத்தில் முடிந்து இப்போது முடியாதவர்களும் உட்காரும் இடம். ‘காப்பாற்றுதல்’ என்பதை ஓர் அதிகாரபூர்வப் புள்ளிவிவரமாக அங்கீகரித்ததே 1969-இல்தான். பௌட்டன் நாட்குறிப்பு எழுதிய அதே ஆண்டு. அதுவரை இவர்கள் செய்த வேலைக்கு முறையான பெயர்கூட இல்லை.

பௌட்டனின் வீழ்ச்சி மெதுவாக நடக்கவில்லை. 1963-இல் 21 வெற்றி, 7 தோல்வி. 1964-இல் 18 வெற்றி, 13 தோல்வி. 1965-இல் 4 வெற்றி, 15 தோல்வி. கை போய்விட்டது. வேகமாக வீச முடியாதவர் பிழைக்க ஒரு வழிதான் இருந்தது: நக்கிள்பால். பந்தை விரல் நுனிகளால் பிடித்து, முடிந்தவரை சுழலாமல் விட வேண்டும். சுழற்சி இல்லாததால் காற்று பந்தைத் தன் இஷ்டத்துக்கு அலைக்கழிக்கும். எங்கே திரும்பும் என்று மட்டையாளருக்குத் தெரியாது, பிடிக்கிறவருக்கும் தெரியாது, வீசியவருக்கும் தெரியாது. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர்கள் இப்போது ஏமாற்றுவதற்காக விடும் மெதுவான பந்தும் இந்தப் பெயரை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. கை வலிக்காமல் பல ஆண்டுகள் வீசலாம் என்பது இதன் வரம். நான்காவது ‘பால்’ எந்நேரமும் வாசலில் நிற்கும் என்பது சாபம்.

ஒரு ஆண்டுக்காலம் பௌட்டன் கையில் கிடைத்த துண்டுக் காகிதங்களில் எல்லாம் குறிப்பு எழுதினார், ஒலிநாடாவில் பேசிப் பதிந்தார். லெனார்ட் ஷெக்டர் என்ற விளையாட்டுச் செய்தியாளர் அவற்றைத் தொகுத்துச் செம்மையாக்கினார். அதனால் நூலின் மொழி மேசைமேல் பிறந்த மொழி அல்ல. வாயில் பிறந்த மொழி. திட்டு, கிண்டல், புலம்பல், அடுத்த வரியில் ஒரு சோகம், அதற்கடுத்த வரியில் மறுபடி கிண்டல். வாசிக்கும்போது பக்கத்து இருக்கையில் ஓர் ஆள் நிறுத்தாமல் பேசிக்கொண்டு வருவது போலிருக்கும். நல்ல பயணத் துணை.

நூல் ஓர் ஒப்பந்தப் பேரத்தோடு தொடங்குகிறது. அந்த ஆண்டுக்கு அவர் சம்பளம் 22,000 டாலர். விளையாட்டு நூலில் சம்பளத் தொகையை எழுதுவதா என்று அன்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதுதான் நூலின் சரியான வாசல் என்று படுகிறது. ஏனென்றால் தொடர்ந்து வரும் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த வேலை நாளை இருக்குமா என்ற கேள்வி இருக்கிறது. ஏப்ரலில் அவரை வேன்கூவரில் இருந்த கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிடுகிறார்கள். சில வாரங்களில் திரும்பக் கூப்பிடுகிறார்கள். ஜூனில் அவருடைய அறைத் தோழர் கேரி பெல் வேறு அணிக்குப் போய்விடுகிறார். ஆகஸ்டில் பௌட்டனையே ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்கு மாற்றுகிறார்கள். பதிலுக்கு வாங்கப்பட்டவர்களில் ஒருவர் டூலி வோமாக் என்ற சாதாரண வீச்சாளர். நான் அந்த ஆளுக்குச் சமமா என்று பௌட்டன் அதிர்ந்துபோகும் பகுதி சிரிக்க வைக்கும். சிரித்து முடித்த பிறகு ஒன்று உறைக்கும்: தன் சந்தை விலையை இப்படி மூன்றாம் ஆள் வாயிலாகத் தெரிந்துகொள்ளும் நிலையில்தான் அந்த மனுஷன் இருந்தார்.

அந்தக் காலத்துப் பின்னணி தெரிந்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். அப்போது ஓர் ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு விதி அவரைக் காலம் முழுக்க ஓர் அணியின் சொத்தாக்கி வைத்திருந்தது. அணி அவரை விற்கலாம், மாற்றலாம், கழற்றிவிடலாம். அவர் தானாக வெளியேறி இன்னோர் அணியோடு பேரம் பேச முடியாது. 1966-இல் மார்வின் மில்லர் ஆட்டக்காரர் சங்கத்தின் பொறுப்புக்கு வந்த பிறகுதான் கூட்டுப் பேரம் என்ற ஒன்றே நடந்தது. பௌட்டன் நூலை எழுதி முடித்த அந்தக் குளிர்காலத்தில் கர்ட் ஃபிளட் என்ற ஆட்டக்காரர் தன்னை விற்றதை ஏற்க மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1972-இல் தோற்றது. அந்த விதி உடைந்தது 1975-இல், ஒரு நடுவர் தீர்ப்பினால். பௌட்டனின் புத்தகம்தான் அதை உடைத்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கோடிக்கணக்கில் பணம் புரளும் கனவுலகம் என்று மக்கள் நினைத்திருந்த இடத்தில், சில ஆயிரம் டாலருக்கு வளர்ந்த ஆண்கள் எப்படிக் கெஞ்ச வைக்கப்படுகிறார்கள் என்பதை ரசிகனின் மேசைமேல் கொண்டுவந்து வைத்தது அது. தோட்டத்துக் கணக்குப் பிள்ளைகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்த வாசகருக்கு இந்தப் பகுதிகள் அந்நியமாக இருக்காது.

நூலின் உண்மையான சாதனை காத்திருப்பை எழுதியதுதான். காத்திருப்பை எழுதுவது கடினம். ஒன்றும் நடக்காது என்பதுதானே காத்திருப்பு. ஆனால் பௌட்டனின் புல்பென்னில் பேச்சு நடக்கிறது. வியட்நாம் போர், கடவுள், கறுப்பின ஆட்டக்காரர்கள் நடத்தப்படும் விதம், குறும்பு, கேலி, பீர். நடுவே நக்கிள்பாலை மட்டும் வீசலாமா, மற்ற பந்துகளையும் கலக்கலாமா என்று ஓயாத விவாதம். பயிற்சியாளர் சால் மேக்லி, சிறுவன் பௌட்டன் ஆராதித்த ஆட்டக்காரர். அருகில் வந்து பார்த்தால், முடிந்துபோன பந்தைப் பற்றி முடிந்த பிறகு அறிவுரை சொல்கிறவராக இருக்கிறார். இப்படி வீசியிருக்கலாம் என்பார். அப்படி வீசி அடி வாங்கியிருந்தால் ஏன் அப்படி வீசினாய் என்பார். மேலாளர் ஜோ ஷுல்ட்ஸ் எல்லாத் துன்பத்துக்கும் ஒரு கெட்ட வார்த்தையும் ஒரு பீரும் மருந்தாக வைத்திருக்கிறார். இவர்களைப் பௌட்டன் வெறுக்கவில்லை. சலித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். அந்த வேறுபாடு முக்கியம். வெறுப்பில் எழுதியிருந்தால் கேலிச்சித்திரங்கள்தாம் கிடைத்திருக்கும். சலிப்பில் எழுதியதால் மனிதர்கள் கிடைத்தார்கள்.

இவருக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு ரிலீஃப் பிட்சர் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். ஜிம் பிராஸ்னன். மூக்குக்கண்ணாடியும் புத்தகமுமாகத் திரிந்ததால் ‘புரொஃபசர்’ என்று பட்டப்பெயர். 1959 பருவத்தைப் பற்றி ‘தி லாங் சீசன்’ என்ற நூலை அவரே, யார் துணையும் இல்லாமல் எழுதி 1960-இல் வெளியிட்டார். அந்தப் பருவத்தின் நடுவில் அவரும் செயின்ட் லூயிஸிலிருந்து சின்சினாட்டிக்கு மாற்றப்பட்டார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் வித்தியாசம் தெரியும். வாக்கியத்துக்கு வாக்கியம் பார்த்தால் பிராஸ்னன் மேலான எழுத்தாளர். வறண்ட நகைச்சுவை, அளவான சொற்கள், ஒரு தூரம். அந்தத் தூரமே அவருடைய எல்லையும் ஆகிவிடுகிறது. அவர் பார்க்கிறார்; தன்னைப் பார்க்கவிடுவதில்லை. பௌட்டன் கதவைத் திறந்து வைத்துவிடுகிறார். பயம், பொறாமை, நண்பன் மோசமாக வீசினால் தனக்கு வாய்ப்பு வருமே என்று உள்ளுக்குள் ஓடும் அற்ப சந்தோஷம் எல்லாம் அதில் இருக்கிறது. பிராஸ்னனும் விலை கொடுத்தார். அடுத்து போன சிகாகோ அணி அனுமதியில்லாமல் எதையும் வெளியிடக்கூடாது என்றது. 1963 பருவத்தோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. எழுதுகிற ஓர் ஆளை ஓர் அறை எவ்வளவு வெறுக்கும் என்பதற்கு இரண்டு பேருமே சாட்சி.

ஆட்டக்காரர்களின் உடைமாற்றும் அறையில், இங்கே கண்டதும் கேட்டதும் இங்கேயே இருக்கட்டும் என்ற பொருளில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். பௌட்டன் அதை மீறினார். ஊக்க மாத்திரைகளை எழுதினார். அமெரிக்காவே கும்பிட்ட மிக்கி மேன்டல் குடித்துவிட்டு வந்து ஆடியதை எழுதினார். நூலின் பகுதிகள் ‘லுக்’ இதழில் வந்ததும் பேஸ்பால் ஆணையர் போவி கியூன் அவரை நேரில் வரவழைத்தார். எழுதியதெல்லாம் உண்மையல்ல என்ற அறிக்கையில் கையெழுத்திடச் சொன்னார். பௌட்டன் மறுத்தார். டிக் யங் என்ற பிரபலப் பத்தியாளர் இவரைத் தொழுநோயாளியோடு ஒப்பிட்டு எழுதினார். சான் டியேகோ அணியினர் நூலின் ஒரு பிரதியை எரித்து மிச்சத்தை எதிரணி அறையில் போட்டுவைத்தனர். சின்சினாட்டியின் பீட் ரோஸ் மைதானத்தில் ஒரு கெட்ட வார்த்தையோடு சேர்த்து இவரை ‘ஷேக்ஸ்பியர்’ என்று கூவினார். ஓர் எழுத்தாளருக்கு இதைவிட நல்ல பின்னட்டை வாசகம் கிடைக்காது.

இங்கே நிறுத்தி ஒன்றைக் கேட்க வேண்டும். அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. கூட இருந்து சாப்பிட்டவன், பேருந்தில் சேர்ந்து பாடியவன், நாளைக்கு நம்மைப் பக்கத்தில் ஏற்றிவிடுவான் என்று தெரிந்தால் எவன் வாய் திறப்பான்? உண்மையைச் சொல்கிறேன் என்ற ஒரே சீட்டைக் காட்டி எல்லா வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. நம் சூழலிலும் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. இறந்த எழுத்தாளரைப் பற்றிப் புகழ்மாலைக்கு வெளியே ஒரு வரி எழுதினால்கூட ‘செத்தவரை ஏன் இழுக்கிறீர்கள்’ என்பார்கள். அதற்கு எதிர்முனையில், அடுத்தவர் குடியையும் கடனையும் எழுதிவிட்டாலே இலக்கியம் ஆகிவிட்டது என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவே ஓர் அளவுகோல் வேண்டும்.

என் அளவுகோல் இரண்டு. எழுதப்படுகிறவர் முழு மனிதராக வருகிறாரா? எழுதுகிறவர் தன்மீதும் அதே வெளிச்சத்தைப் போடுகிறாரா?

முதல் கேள்வியில் பௌட்டன் தேறிவிடுகிறார். மேன்டல் குடித்த பக்கங்களை மட்டும் கத்தரித்துப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கத்தைப் பார்க்கவில்லை. 1962-இல் பௌட்டன் யாங்கீஸுக்காகத் தன் முதல் ஆட்டத்தை வென்று அறைக்கு வருகிறார். வாசலிலிருந்து அவருடைய அலமாரி வரை வெள்ளைத் துவாலைகள் விரிக்கப்பட்டிருக்கின்றன. புதுப் பையனுக்கு அந்தப் பாதையை விரித்தவர் மேன்டல். ஆணையெடுத்து கையெழுத்துக் கேட்டு வரும் சிறுவர்களை விரட்டியவரும் அதே மேன்டல்தான். இரண்டையும் ஒரே ஆள் செய்தார் என்று எழுதுவதில் துரோகம் எங்கே இருக்கிறது? சிலையாக இருந்தவரை ஆளாக்கினார். அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வியில்தான் எனக்குத் தடுமாற்றம். வீச்சாளர் பௌட்டன்மீது வெளிச்சம் போடுகிறார், சந்தேகமில்லை. மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் விளக்கு மங்கிவிடுகிறது. நூலில் ஆட்டக்காரர்கள் ஹோட்டல் கூரைமேல் ஏறி ஜன்னல்கள் வழியே பெண்களை ஒளிந்து பார்க்கும் பழக்கம் விரிவாகவே வருகிறது. குழந்தைகள் செய்யும் குறும்பு போன்ற தொனியில் வருகிறது. அணி உரிமையாளரின் கஞ்சத்தனத்தையும் பயிற்சியாளரின் மடத்தனத்தையும் கண்டுபிடிக்கும் கூர்மையான கண், அந்தக் கூரைமேல் ஏறியதும் கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கிறது. அன்றைய காலம் அப்படி என்பது ஒரு பதில். ஆனால் அன்றைய காலத்தின் மற்றப் பொய்களை எல்லாம் தாண்டிப் பார்த்தவர் இந்த ஒன்றில் மட்டும் காலத்தின் பிள்ளையாக இருந்தார் என்றால், அதை விமர்சகன் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும். மனைவிமார் நூலில் வருகிறார்கள். வழியனுப்புகிறார்கள், வீடு மாற்றுகிறார்கள், புது ஊரில் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கிறார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது வராது. வேன்கூவருக்கும் ஹூஸ்டனுக்கும் ஒரு பெட்டியோடு கிளம்பியவர் அவர். மிச்ச வீட்டைக் கட்டித் தூக்கியது யார்?

இதற்கு ஒரு பதில் நூல் இருக்கிறது. 1983-இல் வந்த ‘ஹோம் கேம்ஸ்’. எழுதியவர்கள் பாபி பௌட்டனும் நான்சி மார்ஷலும். பாபி, பௌட்டனின் முன்னாள் மனைவி. நான்சி, மைக் மார்ஷலின் முன்னாள் மனைவி. அதே பைலட்ஸ் அணியில் வீசிய மைக் மார்ஷல் பௌட்டனின் நண்பர். பின்னால் 1974-இல் ஒரே பருவத்தில் 106 ஆட்டங்களில் வீசி, சை யங் விருது பெற்ற முதல் ரிலீஃப் பிட்சர் ஆனவர். இரண்டு பெண்களும் தங்கள் மணவாழ்க்கையை, அந்தத் தொழில் வீட்டுக்குள் கொண்டுவந்ததை, தங்கள் பக்கத்திலிருந்து எழுதினார்கள். ‘பால் ஃபோர்’ அடைந்த புகழில் நூறில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் பௌட்டன் தொடங்கிவைத்ததைத்தான் அவர்கள் முடித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. புல்பென்னில் காத்திருந்தவர் எழுதினார். அவருக்காக வீட்டில் காத்திருந்தவர் பிறகு எழுதினார். ஓரத்திலிருந்து பார்ப்பவனுக்குத்தான் உண்மை தெரியும் என்றால், அந்த ஓரத்துக்கும் ஓர் ஓரம் உண்டு.

பௌட்டன் 1970-இல், நூல் வந்த அதே ஆண்டில், கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டு ஆட்டத்தை விட்டார். பிறகு தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தி வாசித்தார். 1973-இல் ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய ‘தி லாங் குட்பை’ படத்தில் நடித்தார். சும்மா இருந்திருக்கலாம். இல்லை, கை அரித்தது. 1978-இல், 39 வயதில், நக்கிள்பாலைத் தூக்கிக்கொண்டு அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்குத் திரும்பி வந்து ஓர் ஆட்டத்தை வென்றார். மொத்தக் கணக்கு 62 வெற்றி, 63 தோல்வி. வாழ்நாள் கணக்கில் ஒரு தோல்வி கூடுதல். இந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த விளையாட்டு மறந்துபோயிருக்க வேண்டிய பெயர்.

யாங்கீஸ் அணி மறக்கவில்லை, ஒதுக்கியது. பழைய ஆட்டக்காரர்களை ஆண்டுதோறும் கூப்பிடும் நாளில் இவருக்கு மட்டும் அழைப்பு இல்லை. மேன்டல்தான் தடுக்கிறார் என்று பேச்சு. 1994-இல் மேன்டலின் மகன் இறந்தபோது பௌட்டன் ஆறுதல் எழுதி அனுப்பினார். பதிலாக மேன்டல் தொலைபேசியில் குரல் பதிவு ஒன்றை விட்டார்: நன்றி, அழைப்பு வராததற்குக் காரணம் நான் இல்லை என்று. 1997-இல் பௌட்டனின் மகள் லாரி சாலை விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு தந்தையர் தினத்தன்று மகன் மைக்கேல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் யாங்கீஸ் அணிக்கு ஒரு வெளிப்படையான கடிதம் எழுதினார், என் அப்பாவைக் கூப்பிடுங்கள் என்று. கூப்பிட்டார்கள். 1998 ஜூலையில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, பௌட்டன் அந்த மைதானத்துக்குள் போனார். 2019 ஜூலையில் 80 வயதில் காலமானார்.

‘பால் ஃபோர்’ நூலின் கடைசி வாக்கியம் மிகவும் புகழ்பெற்றது. பௌட்டன் இறந்தபோது அஞ்சலிக் குறிப்புகளில் மறுபடி மறுபடி வந்தது. அழகான வாக்கியம்தான். ஆனால் அந்த ஒரு வரி நூலை ஒரு காதல் கதையாகச் சுருக்கி, வாசகரை ஆறுதலோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அதற்கு முந்தைய நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருக்கும் மனுஷன் அவ்வளவு ஆறுதலான ஆள் இல்லை. அவர் தொலைபேசி மணியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் இளம் வாசகர்களுக்கு நான் சொல்வது: இந்த நூலை எடுத்தால் ரகசியங்கள் இருக்கும் பக்கங்களைத் தேடாதீர்கள். அவை இன்று யாரையும் அதிர வைக்காது. மே, ஜூன் மாதக் குறிப்புகளில் ஒன்றுமே நடக்காத நாட்களை வாசியுங்கள். அந்த அணி 98 ஆட்டங்களில் தோற்றது. கட்டி முடிக்காத மைதானத்தில் தொடங்கி, ஓர் ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்காமல் திவாலாகி, மில்வாக்கிக்குப் போய்ப் பெயரையே மாற்றிக்கொண்டது. சியாட்டில் பைலட்ஸ் என்ற ஓர் அணி இருந்ததை இன்று உலகம் அறிந்திருப்பதற்கு முக்கியக் காரணம், அதில் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் சட்டைப்பையில் துண்டுக் காகிதம் வைத்திருந்ததுதான். வாசித்து முடித்ததும் ‘ஹோம் கேம்ஸ்’ நூலையும் தேடிப் பிடியுங்கள். பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.